கன்டெய்னர் லாரி விபத்து: பொறுப்பு யாருக்கு? டிரைவரா, ஓனரா, இன்சூரன்ஸா? - சட்டம் சொல்வது என்ன?

வடசென்னையின் சடையங்குப்பம், மணலி புதுநகர், எர்ணாவூர் பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு டிரெய்லர் லாரி என்பது அன்றாடக் காட்சி. சென்னை துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என மூன்றுக்கும் செல்லும் சரக்கு வாகனங்கள் மணலி விரைவுச் சாலை, பொன்னேரி நெடுஞ்சாலை, எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத்தான் போகின்றன. சுற்றிலும் கன்டெய்னர் யார்டுகள், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. அதே சாலையில்தான் ஷிஃப்டுக்குப் போகும் தொழிலாளியும், பிள்ளையை ஸ்கூலில் விடும் அம்மாவும் டூவீலரில் போகிறார்கள்.

ஒரு விபத்து நடந்துவிட்டால், "லாரிக்காரன்தானே இடிச்சான், அவன்தான் பொறுப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். ஆனால் "லாரிக்காரன்" என்பது யார்? ஓட்டிய டிரைவரா? ஆர்.சி. புக்கில் பெயர் உள்ள ஓனரா? லாரியை வாடகைக்கு எடுத்த கம்பெனியா? லோன் கொடுத்த பைனான்ஸா? இன்சூரன்ஸ் நிறுவனமா? இதில் யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியாமல் தவறான இடத்தில் அலைந்து காலத்தை இழக்கும் குடும்பங்கள் பல.

இது குறித்து சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே விபத்து, இரண்டு வழக்கு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு லாரி விபத்தில் இரண்டு தனித்தனி வழக்குகள் உருவாகின்றன.

ஒன்று, கிரிமினல் வழக்கு. இதைப் போலீஸ் நடத்தும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, அதிவேகமாகவோ அஜாக்கிரதையாகவோ வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. காயம் ஏற்பட்டால் 125-வது பிரிவு. உயிரிழப்பு ஏற்பட்டால் 106(1) பிரிவு; இதில் 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ பிரிவின்படி இது 2 ஆண்டாக இருந்தது.

விபத்தை ஏற்படுத்திவிட்டு போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று 106(2) பிரிவு சொல்கிறது. இதை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதன்பின், மற்ற பிரிவுகளை நடைமுறைப்படுத்திய மத்திய அரசு, இந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது.

இரண்டாவது, இழப்பீடு வழக்கு. இது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன.

கிரிமினல் வழக்கில் தண்டனை டிரைவருக்கு. இழப்பீடு வழக்கில் பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸிலிருந்து. ஒன்றின் முடிவு மற்றொன்றைத் தானாகத் தீர்மானிக்காது. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கலாம். காரணம், கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் "இப்படி நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு" என்று காட்டினாலே போதும். இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதிப்படுத்தியிருக்கிறது.

யார் யார் பொறுப்பு?

டிரைவர்: கவனக்குறைவாக ஓட்டியவர் என்ற முறையில் முதல் பொறுப்பு இவருக்கு. ஆனால் மாதச் சம்பளத்துக்கோ டிரிப் படிக்கோ ஓட்டும் ஒருவரிடமிருந்து லட்சக்கணக்கில் வசூலிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சட்டம் அடுத்த ஆளைப் பார்க்கிறது.

ஓனர்: தன் வேலையைச் செய்யும்போது டிரைவர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. இங்கே ஓனர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். "வண்டியை எப்பவோ வித்துட்டேன், பேர் மாத்தல" என்ற பதில் செல்லாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நான்கைந்து கை மாறியிருந்தாலும், பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஓனர். பழைய லாரியை விற்பவர்கள் உடனே பெயர் மாற்றம் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பைனான்ஸ் நிறுவனம்: ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருப்பதால் அது பொறுப்பாகிவிடாது. கடனில் வாங்கிய வண்டி யார் கைவசம் உள்ளதோ, அவரைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு உரிமையாளராகக் கருதுகிறது.

வாடகைக்கு எடுத்த கம்பெனி: சரக்கை அனுப்பியது ஒரு கம்பெனி, லாரி வேறொருவருடையது என்றால், சரக்கு அனுப்பியவர் என்பதற்காக மட்டும் கம்பெனி பொறுப்பாகாது. வண்டி முழுக்க அதன் கட்டுப்பாட்டில் குத்தகையாக இருந்ததா என்பதைத் தீர்ப்பாயம் பார்க்கும்.

இன்சூரன்ஸ் நிறுவனம்: மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வாகனமும் சாலையில் ஓடக்கூடாது என்கிறது 146-வது பிரிவு. சாலையில் நடந்து போனவர், டூவீலரில் போனவர், எதிரே வந்தவர் எல்லோரும் "மூன்றாம் நபர்"தான். ஓனர் தர வேண்டிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும்.

சாலை ஒப்பந்ததாரர்: சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க 198-ஏ பிரிவு வழி செய்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது இது.

இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்தால்?

இழப்பீடு வழக்குகளில் நடக்கும் பெரிய சண்டையே இதுதான். "டிரைவருக்கு சரியான லைசென்ஸ் இல்லை", "பெர்மிட் இல்லை", "குடித்திருந்தார்" என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும்.

இதற்கு நீதிமன்றங்கள் கண்ட வழி, "முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்" என்பது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்; பிறகு விதியை மீறிய ஓனரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம். 2004-ல் வந்த ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பு இதில் முக்கியமானது. லைசென்ஸ் போலி என்று காட்டினால் மட்டும் போதாது, ஓனர் கவனமாக இருக்கத் தவறினார் என்பதையும் இன்சூரன்ஸ் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பெர்மிட் இல்லாத வண்டி விஷயத்திலும் 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் இதே வழி பின்பற்றப்பட்டது.

லைசென்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கார் ஓட்டுவதற்கான இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குட்டி யானை ஓட்டுபவருக்கு இது உதவும். கன்டெய்னர் டிரெய்லருக்கு உதவாது. அதற்குக் கனரக லைசென்ஸ் கட்டாயம். ரசாயனம், எரிவாயு, பெட்ரோல் டேங்கர் ஓட்டுபவருக்கு அபாயகரமான பொருட்களைக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான பதிவும் லைசென்ஸில் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸே இல்லாத லாரி என்றால்? இழப்பீடு முழுவதையும் ஓனர் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை, ஓனர் போதுமான உத்தரவாதம் தராமல் விடுவிக்கக் கூடாது என்று மாநிலங்கள் விதி வகுக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவாதம் தராவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டவும் இதில் வழி உண்டு.

நிற்கும் லாரியில் பைக் மோதினால் யார் தப்பு?

வடசென்னையில் அடிக்கடி எழும் கேள்வி இது. இரவு நேரம், சாலையோரம் வரிசையாக டிரெய்லர்கள். பார்க்கிங் லைட் இல்லை, பின்பக்க ஒளிரும் ஸ்டிக்கர் மண்ணில் மூடிக் கிடக்கிறது. பைக்கில் வந்தவர் பின்னால் போய் மோதுகிறார். "நின்ன வண்டியில போய் இடிச்சா லாரிக்காரன் என்ன பண்ணுவான்?" என்று கேட்பார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு ஆபத்தாகும் விதத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு சொல்கிறது.

கர்நாடகாவில் 2013 ஆகஸ்டில் ஒரு கார், நடுச்சாலையில் விடப்பட்டிருந்த டிரெய்லர் லாரியில் மோதியது. எச்சரிக்கை விளக்கோ அடையாளமோ எதுவும் இல்லை. கார் டிரைவர் மீதும் பாதித் தவறு என்று கீழ் அமைப்புகள் இழப்பீட்டைக் குறைத்தன. சுஷ்மா எதிர் நிதின் கணபதி ரங்கோலே என்ற இந்த வழக்கில் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதை மாற்றி லாரி தரப்பே முழுப் பொறுப்பு என்றது.

ஆனால் எல்லா வழக்கும் இப்படி முடியும் என்று நினைக்கக் கூடாது. லாரி சாலையின் ஓரத்தில் இருந்ததா, நடுவில் இருந்ததா? தெருவிளக்கு எரிந்ததா? பைக் எவ்வளவு வேகத்தில் வந்தது? இவற்றை வைத்துத்தான் முடிவு. அதனால்தான் முதல் நாள் எடுக்கும் போட்டோ முக்கியம்.

நம்ம மேலயும் கொஞ்சம் தப்பு இருந்தா?

இழப்பீடு முழுவதும் போய்விடாது. பாதிக்கப்பட்டவரின் தவறு எத்தனை சதவீதமோ, அந்த அளவு கழிக்கப்படும். 10 லட்சம் கணக்கிட்டு, அவர் பங்கு 20 சதவீதம் என்றால் 8 லட்சம் கிடைக்கும்.

பைக்கில் மூன்று பேர் போனார்கள், ஹெல்மெட் போடவில்லை என்பதை இன்சூரன்ஸ் தரப்பு கண்டிப்பாக எழுப்பும். விதிமீறல் இருந்தது என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது. அந்த விதிமீறலால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் அதிகமானது என்று காட்ட வேண்டும் என்று முகமது சித்திக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டு வாகனங்களின் தவறால் மூன்றாவது நபர் பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. லாரியும் ஷேர் ஆட்டோவும் மோதி, ஆட்டோவில் இருந்த பயணி காயமடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு தரப்பில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். அவர்களுக்குள் யார் பங்கு எவ்வளவு என்பதை அவர்கள் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

லாரியிலேயே இருந்தவர்களுக்கு?

டிரைவர், கிளீனர் ஆகியோர் தொழிலாளர்கள். அவர்களுக்கோ குடும்பத்துக்கோ 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் இழப்பீடு உண்டு. இங்கே யார் தப்பு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. வேலையின்போது நடந்ததா என்பதுதான் கேள்வி. ஆனால் அந்தச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் என இரண்டிலும் கேட்க வழியிருந்தால், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

சரக்குடன் வந்த சரக்கு உரிமையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் "அண்ணே, டோல்கேட் வரைக்கும் ஏத்திக்கங்க" என்று லாரியில் சும்மா ஏறிச் செல்பவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-ன் இறுதியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அவர் குடும்பம் ஓனரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். சரக்கு லாரியில் லிஃப்ட் கேட்பதில் உள்ள பெரிய ஆபத்து இது.

லாரி நிற்காமல் போய்விட்டால்?

வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. 161-வது பிரிவின் கீழ், உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை அமலில் உள்ளது. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வண்டி பிடிபட்டு தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

வண்டி தெரியும், ஆனால் யார் தவறு என்பதில் இழுபறி என்றால் 164-வது பிரிவு இருக்கிறது. தவறை நிரூபிக்கத் தேவையில்லாமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2.5 லட்சம். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் 166-வது பிரிவின் கீழ் கூடுதல் தொகை கேட்கும் வழி அடைபடும். சம்பாதிக்கும் வயதில் ஒருவரை இழந்த குடும்பம், வக்கீலிடம் கேட்காமல் இதில் கையெழுத்துப் போடக் கூடாது.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய இரண்டு தீர்ப்புகள்தான் இன்றைய கணக்குக்கு அடிப்படை. ஓர் உதாரணம் பார்க்கலாம்.

கன்டெய்னர் யார்டில் மாதம் ரூ.18,000 சம்பளம் வாங்கிய 35 வயது நபர் உயிரிழக்கிறார். நிரந்தர வேலை இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

• எதிர்கால வருமான உயர்வாக 40% சேர்த்தால்: ரூ.25,200
• அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால்: ரூ.18,900
• ஆண்டுக்கு: ரூ.2,26,800
• 35 வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம்: ரூ.36,28,800

இதோடு இறுதிச்சடங்குச் செலவு, உறவை இழந்ததற்கான தொகை போன்றவையும் வட்டியும் சேரும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால், விபத்து நடந்த அன்றே "ஒரு லட்சம் தர்றோம், கேஸ் வேணாம்" என்று பேச வருபவர்களிடம் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்பது புரியும்.

"சம்பளச் சீட்டு எதுவும் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்று கேட்க முடியாது என்று 2014-ல் சையது சாதிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டைக் கவனிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் தீர்ப்பு வந்தது.

விபத்து நடந்த உடனே செய்ய வேண்டியது என்ன?

• முதலில் உயிர். 108-க்கு அழையுங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 7 நாட்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லா சிகிச்சை உண்டு. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு உதவுகிறது. உதவி செய்பவரை வழக்கில் சிக்கவைக்க முடியாது. 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

• நம்பர் பிளேட்டை போட்டோ எடுங்கள். முன்னால் இழுக்கும் வண்டி, பின்னால் உள்ள டிரெய்லர் இரண்டையும் எடுங்கள். டிரெய்லருக்குத் தனி பதிவு எண் இருந்தால் அதுவும் தேவை. கன்டெய்னர் பெட்டியின் எண்ணும் உதவும்; அதை வைத்து சரக்கு எந்த யார்டிலிருந்து கிளம்பியது என்று தேடலாம்.

• சாலையைப் படம் பிடியுங்கள். டயர் தடம், லாரி நின்ற இடம், விளக்கு, ஸ்டிக்கர், பள்ளம் எல்லாம் வேண்டும். விடிந்தால் வண்டியை நகர்த்திவிடுவார்கள்.

• சிசிடிவி. யார்டு வாசல், கம்பெனி கேட், பெட்ரோல் பங்க் கேமராக்களில் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். ஜி.பி.எஸ். பதிவு, எடை மேடைச் சீட்டு, துறைமுக கேட் பாஸ் ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். அதிக பாரம் ஏற்றியிருந்தால் எடைச் சீட்டே சாட்சி. அதற்குத் தனியாக ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் உண்டு.

• ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை விபத்துப் பதிவேடு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருந்து ரசீதுகள், ஆதார், வங்கிக் கணக்கு விவரம்.

போலீஸ் தர வேண்டிய அறிக்கைகள்

2022 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. விபத்து பற்றிய தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 10 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தைக் குடும்பத்துக்குத் தர வேண்டும். 50 நாட்களில் இடைக்கால அறிக்கை. 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கை. இந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள முடியும். இந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதனால் ஸ்டேஷனுக்குப் போகும்போது, "விரிவான விபத்து அறிக்கை அனுப்பிட்டீங்களா, நகல் கிடைக்குமா?" என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

எங்கே, எப்போது மனு போடலாம்?

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் - இதில் எங்குள்ள தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். சடையங்குப்பத்தில் விபத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பம் விழுப்புரத்திலோ, பீகாரிலோ இருந்தாலும், அங்கிருந்தே வழக்கு நடத்தலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு வர வேண்டியதில்லை.

மனு போட சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனாலும் அதை நம்பித் தள்ளிப்போடாமல் 6 மாதத்துக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பானது.

தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தரப்படும்.